படிக்க மட்டும் அனுமதி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையாவது ஒளித்து வைத்து, கடைசிப் பக்கத்தில் துணியை விலக்கிக் காட்டுகிற வித்தைக்கெல்லாம் இப்போது தெம்பில்லை. என் தங்கை சொன்னாள். திங்கட்கிழமை மத்தியானம், என் வீட்டுச் சமையலறையில், நான் பாத்திரம் தேய்த்துப் போட, அவள் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, என் தோழி ஒருத்தி இருக்கா. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாத்துக்கற வேலை. என்னை மாதிரியேதான். அவளுக்கு ஒரு சிக்கல்."

"என்னவாம்?"

"அவ போட்ட பூட்டுல ஓட்டை. பதினோரு வருஷமா."

"அடைச்சிட வேண்டியதுதானே?"

"அடைக்கறது பெரிய விஷயமில்ல. ஒரு வார்த்தை சேர்த்தா போதும். ஆனா இதுக்குள்ள யாராவது பூந்தாங்களான்னு எழுதிக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள."

"பூந்தாங்களா?"

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "ஒரே ஆள்தான். அவ புருஷன். அதாவது, முன்னாடி புருஷனா இருந்தவர்."

பிறகு முழுவதையும் சொன்னாள். ஒரு இடத்தில் என் கையிலிருந்த டம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்தது. ஸ்டீல் டம்ளர்தான், ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி, "நீதான் கதை எழுதறவனாச்சே, இதுக்கு ஒரு முடிவு எழுது. எழுதிட்டு எனக்குக் காட்டு" என்றாள்.

நான் கதை எழுதி மூன்று வருடம் ஆகிறது. கடைசியாக எழுதியதை நாலு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் தங்கை கேட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மருத்துவமனையின் மேல் கரிய மேகங்கள் கவிந்திருந்த அந்தக் காலை வேளையில், கணினி அறையின் சன்னல் வழியே அவள்" — போதும். கணினி அறைக்குச் சன்னலே கிடையாதாம். போன் போட்டுக் கேட்டேன். நாலு பக்கமும் சுவர், விடாமல் ஓடும் ஏ.சி., ஒரு நாற்காலி, நாற்காலியின் முதுகில் ஒரு சால்வை. அவ்வளவுதான் அறை. மேகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"பதினோரு ஆண்டுகளாக அவள் நிம்மதியாகத் தூங்கினாள்." இதைப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் எவர் நிம்மதியாகத் தூங்குகிறார்?

"சிவப்பில் ஒரு வரி வந்தது." இது பரவாயில்லை. சின்னதாக இருக்கிறது, பொய் சொல்ல இடம் குறைவு.

சிவப்பில் ஒரு வரி வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சோதனை நிரலை அனுப்பி, எல்லா இயந்திரங்களிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் ஓட்டினாள். பச்சை, பச்சை, பச்சை என்று வந்துகொண்டிருந்தது. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். லேப் இயந்திரத்தின் முறை வந்தபோது சிவப்பு. "கட்டளைக் கட்டுப்பாட்டைத் தாண்ட வழி இருக்கிறது. அனுமதிப் பட்டியல், நாலாவது வரி."

அந்த நாலாவது வரியை எழுதியதே அவள்தான்.

(இங்கே நான் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எனக்குப் புரிந்த அளவில்தான். எனக்கே இரண்டு தடவை சொல்லித்தான் புரிந்தது.)

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிமையாளர் என்று ஓர் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தோடு நுழைந்தவர் எதையும் செய்யலாம். திறக்கலாம், நிறுத்தலாம், அழிக்கலாம். மற்றவர்களுக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் அன்றாட வேலைக்கு அதில் துளியாவது வேண்டியிருக்கும். அதற்காக ஒரு பட்டியல் எழுதித் தருவார்கள்: இன்னார் இன்னின்ன கட்டளையை மட்டும் உரிமையாளர் அதிகாரத்தில் ஓட்டிக்கொள்ளலாம். லேப்காரர்களுக்கு அவள் எழுதியது நாலு வரி. பரிசோதனை முடிவுகள் வார்டுகளுக்குப் போகும் வரிசையைப் பார்க்கலாம். அச்சடிக்கலாம். அச்சடித்ததை நீக்கலாம். நாலாவது, இயந்திரம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டைப் படிக்கலாம். படிக்க மட்டும்தான்.

படிப்பதற்கென்று ஒரு நிரல் இருக்கிறது. பக்கம் பக்கமாகக் காட்டும். சாதுவான நிரல். ஆனால் அதற்குள் இருந்துகொண்டே ஆச்சரியக்குறியை அழுத்தி, எந்தக் கட்டளையை அடித்தாலும் அது ஓடும். நிரல் உரிமையாளர் அதிகாரத்தில் திறந்திருப்பதால், கட்டளையும் அந்த அதிகாரத்திலேயே ஓடும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது பழைய சங்கதியாம். அவளுக்குத் தெரியாமலில்லை. அன்று தோன்றவில்லை.

"படிக்கிறவன் சும்மா படிச்சிட்டுப் போயிடுவான்னு நினைச்சிட்டா" என்றாள் தங்கை.

எழுதுகிறவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

3

இவளை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கதாநாயகியைப் பிடிக்காமல் எப்படிக் கதை எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க வீணாய்ப் போனது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சாவி மேடம் என்று பெயர். எந்த இயந்திரத்தில் எதைத் தொடுவதாக இருந்தாலும் அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்க்காமலே "படிவம்?" என்பாள். தலைமை டாக்டர் ஒரு முறை "என்னம்மா, எனக்குமா?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்குத்தான் சார் முதல்ல" என்றிருக்கிறாள். நியாயமானவள்தான். நியாயமானவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது சாதாரண வேலையில்லை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அவளைக் கொஞ்சம் இளக்கிக் காட்டலாமே என்று, பூனைக்குப் பால் வைப்பதாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். பூனை எங்கிருந்து வந்தது?

அவனைப் பற்றி எழுதுவது சுலபம். லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுக்குமுன் எல்லாரிடமும், கைக்குழந்தையிடம்கூட, "சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்பான். அதனால் பெயரே சுருக்கு ஆகிவிட்டது. எதைக் கொடுத்தாலும் முழுக்கப் படிக்கிற ஆள். மாத்திரை அட்டையோடு மடித்து வரும் தாள், ரயில் டிக்கெட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷினோடு வந்த எழுபது பக்கப் புத்தகம், அதிலும் மற்ற மொழிகளில் இருப்பவை உட்பட. பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பிறகு இரண்டு பேரும் பிரிந்தபோது, மெஷின் அவளிடம் நின்றுவிட்டது, புத்தகம் அவனோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மெஷினில் ஒரே ஒரு பொத்தானைத்தான் அவள் அழுத்துகிறாள். மற்றதெல்லாம் எதற்கென்று அவனுக்குத்தான் தெரியும்.

(வாஷிங் மெஷின் விஷயம் நன்றாக அமைந்துவிட்டது. இதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டும்.)

ஏன் பிரிந்தார்கள்? இதற்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அடித்துக்கொள்ளவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பேசுவது குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் முழுசாக நின்றுபோனது. மகள் வேலைக்கு வெளியூர் போனதும் வீட்டில் பேச ஆளே இல்லை என்பதை இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் அவன் கீழ்த்தளத்திலும் அவள் நாலாவது மாடியிலும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

4

கதை இங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவு நேரம் பொறுத்ததற்கு நன்றி.

லேப் வரிசை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு ரிசல்ட் கோணல்மாணலாக வந்தால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அப்படியே நின்றுவிடும். வரிசையை நிறுத்தி மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். அந்தக் கட்டளை நாலு வரிப் பட்டியலில் இல்லை. ஆகவே லேப்காரர்கள் சாவி மேடத்துக்கு போன் செய்ய வேண்டும், படிவம் அனுப்ப வேண்டும், அவள் சரிபார்த்துத் தொடங்கி வைப்பாள். அதுதான் முறை.

ஆறு வருடமாக லேப்பிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

இதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்து, பெருமைப்பட்டிருக்கிறாள். வருடாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று, "லேப் சிஸ்டத்துல ஒரு புகார்கூட இல்ல சார்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு வருடம் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அது அந்தச் சன்னலில்லாத அறையில், ஏ.சி.க்குக் கீழே இருக்கிறது.

சிவப்பு வரி வந்த பிறகு அவள் இன்னொரு குறிப்பைத் திறந்தாள். எந்த நிரல் எப்போது, யாருடைய நுழைவிலிருந்து ஓடியது என்று இயந்திரம் தனியாக எழுதி வைப்பது. முன்பு அவளே ஏற்பாடு செய்துவிட்டு மறந்துபோனது. அதில் தேடினாள். படிக்கும் நிரல் திறக்கிறது. உள்ளிருந்து வரிசை நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. படிக்கும் நிரல் மூடுகிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மறுபடி எட்டு நாள் கழித்து. மறுபடி மூன்று நாள் கழித்து. எல்லாம் ஒரே ஆளின் நுழைவு. இருநூற்றுப் பதினாலு தடவை.

அவளுடைய சிஸ்டம் ஒழுங்காக ஓடவில்லை. அவன் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதையே குடித்தாள்.

தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஏழாவது: "இந்தக் குறை இதுவரை பயன்படுத்தப்பட்டதா? ஆம் எனில், யாரால்?" கீழே சின்ன எழுத்தில் விதி. அனுமதியைத் தாண்டிப் பயன்படுத்தியவர் எந்தக் காரணத்துக்காகச் செய்திருந்தாலும் உடனே பணிநீக்கம். தெரிந்தும் மறைப்பவருக்கும் அதுவே. அவனுக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. அவளுக்கு மூன்று வருடம்.

ஏன் பயன்படுத்தினார் என்று கேட்கும் கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

5

இருநூற்றுப் பதினாலில் ஒன்று மட்டும் வேறு.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பது. படிக்கும் நிரல் திறக்கிறது. உள்ளிருந்து ஒரே ஒரு ரிசல்ட் திறக்கிறது. மூடுகிறது. வரிசையைத் தொடவேயில்லை. ரிசல்ட்டின் எண்ணை இரண்டு தடவை படித்தாள். அந்த எண்ணை அவள் மறக்கவில்லை. அது அவளுடையது.

மார்பில் ஒரு கட்டி. வெளியே எங்காவது போனால் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று, வேலை செய்கிற இடத்திலேயே, பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு, ரிசல்ட்டை டாக்டர் மட்டும் திறக்கும்படி வைத்துப் பார்த்துக்கொண்டாள். மகளிடம் சொல்லவில்லை. கூடப்பிறந்தவனிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயந்திரம் மூன்று நாற்பதுக்கு டாக்டர் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லம்மா, வெறும் கொழுப்புக் கட்டி" என்றார்.

செவ்வாய் பதினொன்று நாற்பது. புதன் மூன்று நாற்பது. இருபத்தெட்டு மணி நேரம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் லிஃப்டில் நடந்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. மூடப்போன கதவை ஒரு கை நிறுத்தியது. அவன். நாலு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவன், "சாப்ட்டியா?" என்றான். அவள் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகம் ஒரு மாதிரி மலர்ந்திருந்தது. இவனுக்கு என்ன இன்றைக்கு வந்தது என்று எரிச்சல்பட்டாள். கட்டியைச் சுமந்துகொண்டு நிற்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

(இந்த லிஃப்டை நான் நுழைத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். சத்தியமாக இல்லை. நானாக எழுதியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக எழுத வெட்கப்பட்டிருப்பேன்.)

6

(இது தங்கை புதன்கிழமை ராத்திரி போனில் சொன்னது.) அன்று மத்தியானம் அவள் கீழே இறங்கி லேப்புக்குப் போனாள். வாசல் பெஞ்சில் ஒன்பது பேர். உள்ளே அவன் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, "சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"இருநூத்திப் பதினாலு தடவை" என்றாள்.

அவன் ஊசியை மஞ்சள் பெட்டியில் போட்டான். எது என்று கேட்கவில்லை. "எண்ணிட்டியா?"

"மெஷின் எண்ணி வச்சிருக்கு."

"நான் எதையும் கெடுக்கல. நின்னா தொடங்கி விடுவேன். அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியதுதானே? வேற எதுக்கு நான் மேல உட்கார்ந்திருக்கேன்?"

"பண்ணேனே. பிரிஞ்சு ஒரு வருஷம் இருக்கும். ஆபரேஷன் மேசையில ஒரு பிள்ளைத்தாச்சி படுத்திருக்கா, ரிசல்ட்டு போகாம நிக்குதுன்னு சொன்னேன். படிவம் அனுப்புன்னு சொல்லி வச்சிட்ட."

"எல்லாருக்கும் அதான் சொல்வேன்."

"தெரியும். நாப்பது நிமிஷம் ஆச்சு. நல்லவேளை, அந்தப் பொண்ணு பொழச்சிட்டா. இனிமே உனக்கு போன் பண்றதில்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உட்கார்ந்து அந்தப் படிக்கிற நிரலோட உதவிப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் படிச்சேன். அதுல போட்டிருந்துச்சு."

"நீ படிப்ப."

[அவர் இங்கே சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்காதே.]

"அந்த நாலாவது வரியைக் கேட்டு வாங்கினதே நீதான்" என்றாள். "ஞாபகம் இருக்கா? கீழ வண்டிய வச்சுக்கிட்டு, சினிமாவுக்கு நேரமாச்சு, சீக்கிரம் எழுது, படிக்கத்தானே கேக்கறேன்னு சொன்ன. அவசரத்துல எழுதினேன்."

"ஞாபகம் இருக்கு."

"அஞ்சாவதா ஒரு வரி கேட்டிருந்தா எழுதிக் கொடுத்திருப்பேன். வரிசைய மறுபடி தொடங்கலாம்னு. அஞ்சு நிமிஷ வேலை. கேக்க என்ன?"

"நீயும் கேட்டிருக்கலாம். என்னடா ஆறு வருஷமா அங்கேருந்து போனே வரலையேன்னு."

அதற்கு அவளிடம் கேடயம்தான் இருந்தது.

வாசலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "டோக்கன் நாப்பத்தாறு வரலாமா?" என்று கேட்டார்கள். "ரெண்டு நிமிஷம்மா" என்று அவன் கதவைச் சாத்தினான்.

"இன்னொண்ணு" என்றாள். "என் ரிசல்ட்ட தொறந்து பாத்திருக்க."

அவன் மேசைமேல் இருந்த குழாய்களை நேராக அடுக்கினான். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"பாத்தேன். சீட்டு இந்தக் கவுன்ட்டர் வழியாத்தானே போகும். பேரு இல்ல, ஆனா பிறந்த தேதி போட்டிருந்துச்சு. என்ன டெஸ்ட்டுன்னும் போட்டிருந்துச்சு. ரெண்டு நாள் எனக்குக் கை ஓடல. ரிசல்ட்டு வந்ததும் தாங்க முடியாம தொறந்து பாத்துட்டேன். நல்ல ரிசல்ட்டுன்னு பாத்ததும் அப்படியே உட்கார்ந்துட்டேன். உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் லிஃப்டுல ஏறினேன். எப்படித் தெரியும்னு கேப்பியே, என்ன சொல்றது?"

"அதனால சாப்ட்டியான்னு கேட்டுட்டு எறங்கிட்ட."

"ஆமா."

"அந்த இருபத்தெட்டு மணி நேரம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டுல எழுதிட்டிருந்தேன். நான் போனப்புறம் பொண்ணு திண்டாடக் கூடாதுன்னு. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் ஒடம்பு!"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பெஞ்சில் சத்தம் அடங்கியது.

அவன் புது ஊசியைப் பிரித்தான். முனை மேசையில் இடித்தது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தான்.

"என் பேரை எழுதிக் கொடுத்திடு" என்றான். "உனக்குப் பழக்கம் இல்லாததைப் பண்ணாத. பரவாயில்ல."

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. திருட்டுத்தனமாகத் தன் உயிரைப் பற்றித் தெரிந்துகொண்டவன் இவன். அதைத் தெரிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்தவனும் இந்த உலகத்தில் இவன் ஒருத்தன்தான். இரண்டையும் ஒரே கட்டத்தில் எப்படி எழுதுவது? படிவத்தில் அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.

கதவைத் திறந்து, "நாப்பத்தாறு வாங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

7

முடிவுகள். எழுதியவை எல்லாவற்றையும் வைக்கிறேன், எனக்கு மறைக்கத் தெம்பில்லை.

(அ) அவள் அவன் பெயரை எழுதுகிறாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போகிறான். ஆஸ்பத்திரி முழுக்க, "புருஷனைப் பழி வாங்கிட்டா பாத்தியா" என்று பேசுகிறார்கள். மறுவாரம் வரிசை அடைக்கிறது. லேப்பிலிருந்து ஆறு வருடத்தில் முதல் போன் வருகிறது. வேறு யாருடைய குரலோ.

இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

(ஆ) "இல்லை" என்று எழுதுகிறாள். உரிமையாளர் அதிகாரத்தில் போய் இருநூற்றுப் பதினாலு குறிப்புகளையும் அழிக்கிறாள். நாலாவது வரியில் ஒரு வார்த்தை சேர்க்கிறாள், ஐந்தாவதாக ஒரு வரியும் எழுதித் தருகிறாள். எல்லாம் சுபம். ஆனால் இருபத்தாறு வருடமாகத் தலைமை டாக்டரையே படிவம் கேட்டவள், தனக்கென்று வரும்போது பொய் எழுதினால், இதுவரை அவள் திருப்பி அனுப்பிய அத்தனை பேருக்கும் என்ன பதில்? நாளைக்குக் கண்டுபிடித்தால் இரண்டு பேருக்குமே வேலை போகும்.

(இ) அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் புத்தகத்தோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்

இதை இவ்வளவு தூரம் எழுதியதற்கே என்னை உதைக்க வேண்டும்.

8

வியாழக்கிழமை காலை, முடிவில்லாத இந்தக் கோப்பைத் தங்கைக்கு அனுப்பினேன். படிக்க மட்டும் அனுமதி. போன தடவை ஒரு கதையை அனுப்பியபோது உள்ளே புகுந்து என் அப்பா கதாபாத்திரத்துக்கு மீசை வைத்துவிட்டாள். அதனால் இந்த ஏற்பாடு.

மத்தியானம் திறந்து பார்த்தேன். ஆறாவது பகுதியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறதே, அவர் சிரிக்கவில்லை என்று. அதை நான் எழுதவில்லை. நான் எழுதியது, "அவன் லேசாகச் சிரித்தான்" என்று. அது அங்கே இல்லை.

போன் செய்தேன். "எப்படி உள்ள பூந்த?"

"உன் கம்ப்யூட்டரை வாங்கி, பாஸ்வேர்டு போட்டு, உன் கையில கொடுத்தது யாரு அண்ணா?"

"சரி, அவர் சிரிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? உன் தோழிதானே அங்க இருந்தா?"

போனில் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்றையும் ஒளிக்க மாட்டேன் என்று தொடங்கியவன் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். அந்த வாஷிங் மெஷினை நான் கற்பனை செய்யவில்லை. அதை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர். முன்பக்கம் நான், பின்பக்கம் மாப்பிள்ளை. படி திரும்பும் இடத்தில் என் விரல் நசுங்கியபோது, "மச்சான், எறக்கி வைங்க, புத்தகத்துல எப்படித் தூக்கணும்னு படம் போட்டிருக்கான்" என்று சொல்லி, அங்கேயே படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். ஏழு வருடமாக அவரை நான் பார்க்கவில்லை. முன்னாள் மாப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று நம் உறவுமுறையில் வார்த்தை இல்லை. அதனால் தெருவில் பார்த்தாலும் திரும்பிக்கொண்டு போயிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோழி என்று யாருமில்லை. எனக்கு அது திங்கட்கிழமையே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் என் தங்கைக்கு மார்பில் கட்டி வந்து, தனியாக உட்கார்ந்து நோட்டில் பாஸ்வேர்டு எழுதியிருக்கிறாள் என்பது பாத்திரத் தொட்டி முன்னால் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. டம்ளர் விழுந்தது அப்போதுதான். அண்ணன் என்று ஒருத்தன் இருந்து என்ன பிரயோசனம்? அவள் "தோழி" என்றாள், நானும் தோழியின் கதையாகவே கேட்டுக்கொண்டேன். நேராகக் கேட்பதற்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. நாங்கள் படிப்போம், பார்ப்போம், பக்கத்து வழியாக உள்ளே போவோம். வாசலில் நின்று கூப்பிட மாட்டோம்.

"அண்ணா" என்றாள் போனில். "முடிவு எங்க?"

"எனக்குத் தெரியலம்மா."

"நீ என்ன எழுதறியோ அதையே எழுதிக் கொடுத்திடலாம்னு இருந்தேன். எனக்கு யோசிச்சு யோசிச்சு அலுத்துப்போச்சு."

9

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலு இருபத்தைந்து.

கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்னொருவரும் இதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்று ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி காட்டுகிறது. அவள்தான். சன்னலில்லாத அறையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு. ஏழாவது பகுதிக்குக் கீழே, நான் எழுதாத ஒரு வரி வந்திருக்கிறது:

(ஈ) ஏழாவது கேள்வி: ஆம். யாரால்:

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த இடத்தில், அடுத்த எழுத்து விழ வேண்டிய இடத்தைக் காட்டும் அவளுடைய கோடு விட்டுவிட்டுத் துடிக்கிறது. அதற்குப் பக்கத்தில் என்னுடையது.

"ஆம்" என்று தன் கையால் எழுதிவிட்டாள். அதுவரை அவளாக வந்துவிட்டாள். மிச்சம் ஒரு பெயர். மாப்பிள்ளை பெயரை எழுதலாம். அவசரத்தில் நாலாவது வரியை எழுதி, ஆறு வருடம் போன் வராததைப் பெருமையாக எடுத்துக்கொண்ட தன் பெயரையே எழுதலாம். இரண்டு பெயரையும் எழுதி, கட்டத்தை மீறி, ஓரமெல்லாம் காரணம் எழுதலாம். இப்போது நான் எதை அடித்தாலும் அதை அப்படியே படிவத்தில் போட்டுவிடுவாள். எனக்குக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னால் இந்த வயதில் சிரிப்பீர்கள். பயமாகத்தான் இருக்கிறது.

போனை எடுத்து அவளைக் கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது. நேராக ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும்: உனக்கு எப்படி இருக்கும்மா என்று. முடிவை அல்ல.

அதுவரை அந்த வெற்றிடம் அப்படியே இருக்கட்டும். நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒன்றும் செய்ய முடியாது, உங்களுக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி.

மாப்பிள்ளைக்கும் அவ்வளவுதான் இருந்தது.